நகவெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போகிற நாய்க்கு நகம் வெட்டுவது

சிமெண்ட் தரையில் நாய் நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் வந்தால் நகம் வளர்ந்துவிட்டது. நேராக நிற்கிற நாயின் நகம் தரையைத் தொடக் கூடாது. ஒரு தினத்தாளை நகத்துக்கு அடியில் தள்ளிப் பாருங்கள், தட்டாமல் உள்ளே போக வேண்டும்.

டெல்டாவில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். வண்டலும் களிமண்ணுமான பூமியில் நகத்தை உரசித் தேய்க்கக் கல் ஏது? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால், நாயும் நம்மோடு வரப்புச் சேற்றிலேயே திரியும். தார் ரோட்டில் ஓடித் திரிகிற தெருநாய்க்கு நகம் தானாகவே தேய்ந்துவிடும். திண்ணையும் வயலுமாகக் கிடக்கிற வீட்டு நாய்க்குத்தான் இந்தப் பாடு. விட்டுவிட்டால் நகம் விரலைப் பின்னுக்குத் தள்ளி, பாதம் பரந்து, நடையே மாறிவிடும். கயிற்றுக் கட்டிலிலோ சாக்கிலோ மாட்டி நகம் பிய்ந்தால் இன்னும் மோசம்.

மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதாலோ என்னவோ, நாயையும் நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிடலாம் என்று நினைக்கிறோம். முதல் தடவை நடந்துவிடும். அடுத்த தடவை நகவெட்டி இருக்கும் அலமாரியைத் திறந்தாலே நாய் வீட்டில் இருக்காது. நாய்க்குப் பெரும்பாலும் பயம் நகத்தை வெட்டுவதில் இல்லை, பாதத்தைப் பிடிப்பதில்தான். அதனால் வேலையைப் பாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் கன்னி இன நாய்க்கு இது மூன்று வாரம் பிடித்தது. முதல் நாலைந்து நாள் நகவெட்டியே வெளியே வரவில்லை. தோளில் கைவைத்து, அப்படியே முழங்கால், பாதம் என்று இறங்கி, ஒரு விரலை இரண்டு விநாடி பிடித்து விடுவது. விட்டவுடன் அவித்த முட்டையில் சுண்டைக்காய் அளவு. காலை இழுத்துக்கொண்டால் திரும்பப் பிடிக்கப் போகாமல், ஒரு படி மேலே, முழங்காலுக்கே திரும்பிவிட வேண்டும். பிறகு நகவெட்டியைத் தரையில் போட்டு அதன் பக்கத்தில் முட்டை. அடுத்தது சத்தம்: தென்னந் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நாயின் பாதத்துக்குப் பக்கத்தில் நகவெட்டியால் நறுக்கினால், நகம் வெட்டுகிற அதே 'டக்' கேட்கும். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு துண்டு முட்டை. அந்தச் சத்தத்துக்கு நாய் நம் கையைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் முதல் நகம். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ, அவ்வளவே. பெரும்பாலான நாய்க்கு முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நாலு நாலு, ஆக மொத்தம் 18 நகம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நகவெட்டி கத்தரி மாதிரி இரண்டு வாய் உள்ளதாக இருக்கட்டும். மனிதர் நகவெட்டி குட்டி நாய்க்குச் சரி, வளர்ந்த நாயின் உருண்டை நகத்தை அது நசுக்கிப் பிளந்துவிடும். மழுங்கிய நகவெட்டியும் அதையேதான் செய்யும். நசுங்கும்போது உள்ளே இருக்கிற சதை வலிக்கும், ரத்தம் வராவிட்டாலும் நாய் துள்ளும். "ஒண்ணுமே பண்ணலையே, ஏன் கத்துது" என்பார்கள். நகவெட்டியைப் பாருங்கள். குளிப்பாட்டிய பிறகு நகம் கொஞ்சம் இளகி இருக்கும், சிலும்பாமல் வெட்டுப்படும்.

பிடிக்க ஒருவர், வெட்ட ஒருவர். பிடிப்பவர் நாயின் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு கையைக் கழுத்துக்குக் கீழும் மறு கையை வயிற்றுக்கடியிலும் கொடுத்து மெல்ல அணைத்துக்கொண்டால் போதும். முன்காலைப் பக்கவாட்டில் வெளியே இழுக்கக் கூடாது, நாயின் தோள் அப்படித் திரும்பாது. மணிக்கட்டில் பின்னுக்கு மடக்கினால் உள்ளங்கால் மேலே பார்க்கும். நகம் நன்றாகத் தெரியும், வெட்டுவது நாய்க்குத் தெரியாது. பின்காலை உயரத் தூக்காதீர்கள், வயதான நாய்க்கு இடுப்பு வலிக்கும். கட்டைவிரல் உள்ளங்கால் மெத்தையில், ஆள்காட்டி விரல் மேலே. லேசாக அழுத்தினால் நகம் முன்னே வரும்.

எங்கே வெட்டுவது என்பதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது. நகத்துக்குள் ரத்தமும் நரம்பும் ஓடுகிற சதை ஒன்று உண்டு. ராஜபாளையம் மாதிரி வெள்ளை நகமென்றால் அது இளஞ்சிவப்பாக வெளியிலேயே தெரியும், அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. நகத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நுனியில் பள்ளமாகக் குழிந்திருக்கும், அந்தப் பள்ளம் உள்ள பகுதியில் சதை கிடையாது. அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் சீவலாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். முதலில் வெளுத்த, சுண்ணாம்பு மாதிரி உலர்ந்த பரப்பு. பிறகு நடுவில் ஈரமாக, கருத்த ஒரு புள்ளி. புள்ளி தெரிந்தால் அந்த நகம் முடிந்தது. நகம் மிகவும் நீண்டுவிட்ட நாய்க்குச் சதையும் கூடவே நீண்டிருக்கும், ஒரேயடியாகக் குட்டையாக்க முடியாது. வாரம் ஒரு சீவல் எடுத்தால் சதை மெல்லப் பின்வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டால்? பார்க்கத்தான் பயங்கரம். சோள மாவைக் கிள்ளி நகத்து நுனியில் வைத்து, 3 நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டியது கலைந்துவிடும். சலூன் படிகாரமும் நிறுத்தும், ஆனால் எரியும். காப்பித்தூளை அப்புகிற நம் வீட்டுப் பழக்கம் இங்கே வேண்டாம், நாய் நக்கிவிடும், காப்பி அதற்கு ஆகாது. அன்றைக்கு வயல் பக்கம் விடாமல் உலர்ந்த தரையில் கிடக்கட்டும். 10 நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கடிக்கிற நாய்க்குத் துணி வாய்க்கட்டு போடலாம். மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்கடியில் ஒரு குறுக்கு, காதுக்குப் பின்னால் சுருக்கு முடிச்சு. ஆனால் நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரைப் புழுக்கத்தில் சில நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்தால் ஆபத்து. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்க்குக் கட்டவே கூடாது. அப்படியும் முடியாத நாயை அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போகலாம். மயக்கத்துக்கு மருந்து தருவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், வீட்டில் இருக்கிற தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும், வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

பாதத்தைத் தொடவே விடாத நாய்க்கு இன்னொரு வழி, உப்புத்தாள் பலகை. இரண்டடிக்கு ஓரடி பலகையில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை ஃபெவிகால் போட்டு ஒட்டி, சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முட்டைத் துண்டைப் பலகைக்குப் பின்னால் காட்டினால் நாய் முன்காலால் பிராண்டும். பிராண்டினால் துண்டு. நாலைந்து நாளில் அதுவே ஓடி வந்து பிராண்ட ஆரம்பித்துவிடும். இரண்டு காலும் சமமாகத் தேய்கிறதா, விரல் மெத்தை சிவக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்காலின் உள்பக்கம் சற்று மேலே தனியாகத் தொங்குகிற ஐந்தாவது நகம் பலகையில் படாது, தரையிலும் படாது. அது வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். மற்ற நகத்தை மறந்தாலும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை அதை முடியை விலக்கிப் பார்த்து வெட்டிவிட வேண்டும்.