நூற்கப் பழகும்போது இழை கற்றுத்தருவது

கையால் நூற்கப் பழகத் தொடங்கிய பிறகு, நூலின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது இழையின் நீளமே என்பது எனக்குத் தெளிவாகியிருக்கிறது. பருத்தி இழை பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவையே எட்டுவதால், அது பிரிந்துபோகாமல் நிற்க நிறைய முறுக்கு ஏற்ற வேண்டும். கனமான தக்ளியை, அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிரை, தொங்கவிட்டால் முறுக்கு ஏறுமுன்பே நூல் அறுந்துவிடும் என்பதால், அதன் அடிமுனையைக் கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுவதே நல்லது.

கம்பளி மிகவும் பொறுமையான ஆசிரியர். இழையின் மேலுள்ள நுண்செதில்களும் இயல்பான சுருளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், குறைந்த முறுக்கிலேயே நூல் உருவாகிவிடுகிறது. அதே கம்பளியைச் சீவி, இழைகளை இணையாக அடுக்கி நூற்றால் வழவழப்பான, உறுதியான நூல் கிடைக்கிறது. பஞ்சுபோலக் கலைத்துச் சுருட்டி நூற்றால், இடையிடையே காற்று தங்கி, எடை குறைந்த, கதகதப்பான நூலாகிறது. ஒரே மூலப்பொருள் இவ்வளவு வேறுபட்ட இரு நூல்களைத் தருவது எனக்கு இன்றும் பெருவியப்பாகவே உள்ளது.

ஆளி நாருக்கு விரல்களை நனைத்துக்கொண்டால் போதும், முனைகள் படிந்துவிடும்.

இப்போது இரட்டைப் புரி முறுக்கப் பழகுகிறேன். இரண்டு ஒற்றை நூல்களை, அவை நூற்கப்பட்ட திசைக்கு எதிர்த்திசையில் சேர்த்து முறுக்க வேண்டும். அலசிக் காயவைத்த சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூல்கட்டை, தொங்கவிடும்போது அது தானாகச் சுருண்டுகொள்ளவில்லை என்றால், இரு முறுக்குகளும் சமநிலையில் உள்ளன.