டிஎன்டிபி குழாயில் "10 மில்லிமோலார்" என்றால் எவ்வளவு?

டிஆக்ஸிரைபோஸ் சர்க்கரை, ஒரு காரம், மூன்று பாஸ்பேட். இவை சேர்ந்ததுதான் டிஎன்டிபி, டிஎன்ஏ இழையைக் கட்டும் செங்கல். ஏ, டி, ஜி, சி என நான்கு வகை. டிஎன்ஏவைக் கட்டும் நொதியான பாலிமரேஸ் இதை இழையில் கோக்கும்போது இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்றுவிடும். டிஎன்ஏவில் ஒன்றுதான் மிஞ்சும். அந்த முறிவுதான் வேலைக்கு ஆற்றல் தருகிறது. ஒற்றைப் பாஸ்பேட் வடிவத்தைக் குழாயில் போட்டால் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல படிகள் எடுக்கும் வினை) நடக்காது.

லேபிளில் உள்ள செறிவைக் கவனியுங்கள். "10 மில்லிமோலார்" என்பது ஒவ்வொன்றும் 10ஆ, நான்கும் சேர்ந்து 10ஆ? இரண்டாவது என்றால் ஒவ்வொன்றும் 2.5தான், ஜெல்லில் டிஎன்ஏ பட்டை மங்கலாக வரும். குழப்பமே வேண்டாம், நாமே கலப்பது நல்லது: 100 மில்லிமோலார் கரைசல்கள் நான்கிலும் தலா 10 மைக்ரோலிட்டர், நியூக்ளியேஸ் இல்லாத நீர் 60. இதில் 1 மைக்ரோலிட்டரை 50 மைக்ரோலிட்டர் வினைக்குச் சேர்த்தால் ஒவ்வொன்றும் 200 மைக்ரோமோலார்.

விளைச்சல் குறைந்தால் டிஎன்டிபியைக் கூட்டுவது பலரின் பழக்கம். பெரும்பாலும் தப்பு. பாலிமரேஸ் இயங்கத் தேவையான மக்னீசியத்தை டிஎன்டிபியின் பாஸ்பேட்டுகள் பிடித்துக்கொள்ளும், ஏறத்தாழ ஒரு டிஎன்டிபிக்கு ஒரு மக்னீசியம். தலா 400 மைக்ரோமோலார் என்றால் மொத்தம் 1.6 மில்லிமோலார், வழக்கமான 1.5 மில்லிமோலார் மக்னீசியம் அதற்கே போதாது, பாலிமரேஸுக்கு என்ன மிஞ்சும்? கூட்டித்தான் ஆகவேண்டுமென்றால் மக்னீசியத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வையுங்கள். திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் பாஸ்பேட் உதிரும். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் இதற்கு ஆகாது.