தடையில்லாச் சான்று சொல்லாத கதை

விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் மனை பார்க்கப் போனால் தரகர் முதலில் நீட்டுவது தடையில்லாச் சான்றின் நகலைத்தான். "விமானப்படையே சரின்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன சார்?" என்றார் எங்கள் தரகர். வாங்கி நிதானமாகப் படித்தேன். கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. நம் கட்டடத்தால் விமானத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்கான தாள் அது. விமானத்தால் நமக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

உயரக் கணக்கே தனிக் கூத்து. சான்றில் உள்ள எண் தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து. சர்வேயரை வைத்து மனையின் மட்டத்தை எடுத்துக் கழித்தால்தான் எத்தனை மாடி என்று தெரியும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி எல்லாம் அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும். தரகர் சொன்ன மாடிகளில் ஒன்று அங்கேயே காணாமல் போனது.

விபத்து விஷயத்துக்கு யாரிடமும் தாள் இல்லை. நானே அளக்க உட்கார்ந்தேன். அமெரிக்க விமானப்படை 1970களிலிருந்து வைத்திருக்கும் அளவுகோல் பொதுவில் கிடைக்கிறது. ஓடுபாதை முனையிலிருந்து 3,000 அடி அகலத்தில் ஒரு பட்டை. முதல் 3,000 அடி காலியாகக் கிடக்க வேண்டும். அடுத்த 5,000 அடி முதல் விபத்து மண்டலம். வீடு, பள்ளி கூடாது, கிடங்கோ விவசாயமோ இருக்கலாம். அதற்கடுத்த 7,000 அடி இரண்டாம் மண்டலம். ஆக மொத்தம் நாலரை கிலோமீட்டர். செயற்கைக்கோள் படத்தில் ஓடுபாதையின் நடுக்கோட்டை நீட்டிப் பார்த்தேன். மனை முதல் மண்டலத்தில் இருந்தது.

1968 முதல் 1995 வரை தளங்களைச் சுற்றி நடந்த 838 விபத்துகளை அவர்கள் அலசியிருக்கிறார்கள். சுமார் 25 விழுக்காடு ஓடுபாதையை ஒட்டியே; 27 விழுக்காடு காலி மண்டலத்தில்; முதல் மண்டலத்தில் 10; இரண்டாவதில் 6-க்கும் குறைவு. மீதி, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, இந்தக் கட்டங்களுக்கு வெளியே. எனவே பட்டையைத் தாண்டினால் கவலையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தூரம் கூடக் கூட வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான்.

தரகருக்கு இதெல்லாம் வீண் பயம். 2012-இல் விர்ஜினியா பீச்சில் ஓஷியானா தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் விழுந்தும் யாரும் இறக்கவில்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார். 2008-இல் சான் டியேகோவில் மிராமர் தளத்துக்குத் திரும்பிய விமானம் வீட்டில் விழுந்து ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்ததை நான் சொன்னேன். அந்த விமானி கடல் பக்கமிருந்த வேறொரு ஓடுபாதைக்குப் போயிருக்கலாம் என்று பிறகு விசாரணையில் வந்தது. பழுதான விமானம் எந்த வழியாகத் திரும்பும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கடைசியில் அந்த மனையை விட்டுவிட்டு, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், நடுக்கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி ஒன்றை முடித்தோம். சத்தத்துக்குக் குறைவில்லை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. காப்பீட்டுத் தாளையும் வரிவரியாகப் பார்த்தேன். விமானம் விழுந்து வரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு, விமானத்தின் காற்றழுத்த அதிர்வால் விரிசல் விட்டால் கிடையாது.

இதற்கிடையில், விட்டுவந்த அந்த லேஅவுட்டின் வரைபடத்தில் பள்ளிக்கு ஒதுக்கிய இடமும் அதே பட்டையில் இருப்பதைக் கவனித்தேன். 2025 ஜூலையில் டாக்காவில் பயிற்சி விமானம் பள்ளியில் விழுந்து 30-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தது அப்போது மனதில் ஓடியது. அளவுகளோடு படம் வரைந்து திட்ட அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறேன். பள்ளியை இடம் மாற்றி அங்கே கிடங்குக்கு அனுமதிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது, விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.