வேட்டியில் மஞ்சள் கறை

முதலில் கவனித்தது அம்மாதான். செய்தியில் ஒரு அரசியல்வாதி வெள்ளை வேட்டியில் நடந்து வருகிறார். முழங்காலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு பட்டை. "இந்தாளு வேட்டிய யாரும் ஒழுங்கா வெளுக்கலையா?" என்றார். பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்விதான். ஆனால் அடுத்து வந்தவர் வேட்டியிலும் அதே கறை, அதே உயரத்தில். அப்புறம் சோப்பு விளம்பரத்தில் வந்த துணியிலும்.

மாமா வீடு மாற்றும்போது எங்களுக்குத் தள்ளிவிட்ட 43 இஞ்ச் ப்ரொஜெக்‌ஷன் டிவி அது. பீரோவைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். மாடிப்படியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நைனாவுக்கு அதில் ஒரே ஒரு செய்திச் சேனல் போதும். காலை காபியில் தொடங்கி ராத்திரி சாப்பாடு வரை ஓடும். கீழே நீலப் பட்டையில் ஸ்க்ரோலிங், நாள் முழுக்க ஒரே இடத்தில்.

கறையைப் பார்த்ததும் நைனா ஒரு வைத்தியம் செய்தார். பழைய தினசரி காலண்டர் தாளைப் பட்டையாக வெட்டி, ஸ்க்ரோலிங் வரும் இடத்தில் ஸ்க்ரீன் மேலேயே ஒட்டிவிட்டார். இனிமேல் அந்த இடம் கெடாதாம். இரண்டு வாரம் ராகுகாலம், எமகண்டத்தோடு செய்தி பார்த்தோம்.

மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பிக்சர் ட்யூப், ஒவ்வொன்றும் 7 இஞ்ச் அளவுதான். அந்தக் குட்டிப் படங்களை லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்து 43 இஞ்சுக்கு இழுக்கின்றன. அவ்வளவு தூரம் இழுத்தும் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் ட்யூபைச் சாதா டிவியைவிடக் கடுமையாக எரியவிட வேண்டும். எரிய எரிய ட்யூபின் முகத்தில் வெளிச்சம் தரும் பாஸ்பர் பூச்சு தேயும். முழுக்கச் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நீல ட்யூபில் அந்தப் பட்டை மட்டும் அதிகமாகத் தேய்ந்துவிட்டது. வெள்ளையில் நீலம் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள்தானே. அதுதான் வேட்டிக் கறை.

"தேஞ்சது தேஞ்சதுதான் தம்பி. இத்த துடைக்கவும் முடியாது, பத்த வைக்கவும் முடியாது." வேறொரு செட்டிலிருந்து நீல ட்யூபைக் கொண்டுவந்து மாற்றினார். மூன்று நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவைக்க அரை நாள் ஆனது.

போகும்முன் ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போனவர் தலையில் அடித்துக்கொண்டார். காண்ட்ராஸ்ட் 100. மாமா வீட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. கடையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பளபளக்க வைத்த அளவு, வீட்டுக்கு ஆகாது என்றார். 40-க்கு இறக்கினார். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு அளவுக்குப் பேர் பிரைட்னஸ் என்று இருந்தாலும் அது கருப்பின் அளவைத்தான் மாற்றும், ட்யூபைத் தின்பது காண்ட்ராஸ்ட் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னாடா, படம் அழுது வடியுது?" உண்மைதான், மங்கலாகத்தான் இருந்தது. காரணம் காண்ட்ராஸ்ட் மட்டுமில்லை. தெருப்பக்க ஜன்னல் வெயில் நேராக ஸ்க்ரீனில் விழுகிறது. உள்ளே மூன்று லென்ஸிலும் வருஷக்கணக்கில் சேர்ந்த தூசு. எங்கள் தெருத் தூசு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்தேன், பூதக்கண்ணாடிக்குப் புரை விழுந்த மாதிரி இருந்தது பளிச்சென்று ஆகிவிட்டது. உள்ளிருக்கும் பெரிய கண்ணாடியைத் தொடவில்லை. அதன் ரசம் முன்பக்கமே இருக்கும், அழுத்தித் துடைத்தால் கீறிவிடும் என்று அண்ணன் எச்சரித்திருந்தார். ஜன்னலுக்கு ஒரு கெட்டித் திரை. 40 போதுமானதாகிவிட்டது. தூசால் மங்கும், மங்கினால் காண்ட்ராஸ்டை ஏற்றுவோம், ஏற்றினால் ட்யூப் தேயும். இந்தச் சுழலில்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறோம்.

மற்றபடி, ஒரே பட்டை நாள் முழுக்க நிற்காமல் இருக்க, விளம்பரம் வந்தால் சேனல் மாற்றுவது, மத்தியானம் ஒரு படம் போடுவது என்று சில ஏற்பாடுகள். டிவிடியில் மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும் படங்களை வரிசையாகப் பார்ப்பதில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்துவிடும்.

2009 மே 16, நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. எந்தச் சேனலைத் திருப்பினாலும் கட்சிப் பெயரும் எண்ணும் போட்ட கட்டம், காலையிலிருந்து அசையாமல். புது ட்யூபுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. விடியற்காலையிலேயே பரணிலிருந்து பழைய 21 இஞ்ச் டிவியை இறக்கி, பெரிய டிவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டேன்.

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்தார். "ஊர்லயே பெரிய டிவிய வாங்கி வெச்சிக்கினு, அதும் முன்னால சின்ன டிவி பாக்குறது நம்ம வூட்லதான்டா."