மேற்கு வானத்தைப் பார்க்கும் வேலை

விமான நிலைய வானிலைப் பிரிவில் பார்வையாளர் வேலை என்றால் அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து வானத்தைப் பார்க்க வேண்டும். காற்று, வெப்பம், அழுத்தம் எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக்கூட சீலோமீட்டர் லேசர் கதிரை அனுப்பி அளந்துவிடும். ஆனால் அதற்குத் தன் தலைக்கு நேர் மேலே இருப்பது மட்டும்தான் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தால், அதைக் கண்டு சொல்ல ஆள்தான் வேண்டும். மீனம்பாக்கத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்த மேற்குத் திசையைப் பற்றியதுதான்.

வானத்தை மனதுக்குள் எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் அடிவானத்துக்கு அருகில் உள்ள மேகங்களை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம். நடுவிலுள்ள இடைவெளி மறைந்து எல்லாம் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். மூன்று பங்கு என்று எழுத வேண்டிய இடத்தில் புதியவர்கள் ஐந்து என்று எழுதுவது இதனால்தான். இரவில் அறை வெளிச்சத்திலிருந்து வந்தவுடன் எழுதவே கூடாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்று, எந்தப் பக்கம் நட்சத்திரங்கள் மறைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கியூமுலஸ் (குவியல் மேகம்), ஸ்ட்ரேட்டஸ் (படல மேகம்), சிர்ரஸ் (இழை மேகம்) என்று நாங்கள் எழுதும் பெயர்கள் 1802-இல் லண்டனில் லூக் ஹோவர்ட் வைத்தவை. தொழிலால் அவர் மருந்துப் பொருள் தயாரிப்பவர்; மேகங்களைப் பார்த்தது ஆசைக்காக.

வெயில் நாளில் காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் சிறுசிறு கியூமுலஸ் மேகங்கள் தோன்றும். கவனித்தால், எல்லாவற்றுக்கும் அடிப்பகுதி ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கும். தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே போகிறது. மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம். அதிலுள்ள ஆவி, தூசியையும் கடல் உப்பின் துகளையும் பற்றிக்கொண்டு நீராகும் உயரத்தில் மேகம் ஆரம்பிக்கிறது. அந்த உயரத்தைத் தரையில் நின்றே கணக்குப் போடலாம். வெப்பநிலை 35, பனிநிலை (காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 25 என்றால் வித்தியாசம் 10. டிகிரிக்கு 125 மீட்டர் வீதம் 1,250 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,000 அடி. அப்புறம் உள்ளே போய் சீலோமீட்டரைப் பார்த்தால் அதற்கு அருகில் ஓர் எண் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

சரி, மேகம் வந்தால் மழை வந்துவிடுமா? பெரும்பாலும் வராது. மேகத்துளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஓரளவு பெரிய மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். அதற்கு மேகம் உயரமாக வளர வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் அந்த வளர்ச்சிக்கு வழி செய்வது கடல்காற்று. பிற்பகலில் அது நகருக்குள் நுழையும்போது மேற்கிலிருந்து வரும் வெப்பக்காற்றோடு மோதுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய காற்று மேலே தள்ளப்படுகிறது. காலிஃபிளவர்போல் கூர்மையான விளிம்போடு வளர்ந்த மேகத்தின் உச்சி திடீரென்று நார்நாராக மாறிப் பரவினால், மேலே பனிக்கட்டி உண்டாகிவிட்டது என்று அர்த்தம். அப்போதே 'சிபி' (CB, அதாவது கியூமுலோநிம்பஸ் என்ற இடிமேகம்) என்று திசையோடு எழுதி அனுப்புவோம். அந்த இரண்டு எழுத்துக்காக விமானிகள் பாதையை மாற்றிக்கொள்வார்கள்.

எதிர்வீட்டு அம்மா காலையிலேயே கேட்பார்: "தம்பி, மாடியில மிளகாய் காயப்போடலாமா? டிவியில மழைன்னு சொன்னானே?" அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்வது நான் செய்யும் வேலையிலேயே கஷ்டமானது. தனி ஓர் இடிமேகத்தின் ஆயுள் ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். முந்தைய நாள் அறிவிப்பு எழுதும்போது அந்த மேகம் பிறக்கவே இல்லை. மேகம் வளரத் தோதான நாளா என்று சொல்ல முடியும். எந்தத் தெருவுக்கு மேல் என்று சொல்ல முடியாது. 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகலாம் என்று கணக்கு. மீதி முக்கால் பங்கு காய்ந்து கிடந்தாலும் அறிவிப்பு சரிதான். இதை மக்களுக்குப் புரியும்படி நாங்கள் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பெரிய மழையிலும் இந்த வித்தியாசம் உண்டு. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி நுங்கம்பாக்கத்தில் 29. இரண்டுமே கொட்டித் தீர்த்த மழைதான். ஆனால் அடையாற்றின் கரையில் இருந்தவருக்கு அந்த 20 சென்டிமீட்டர் சாதாரண விஷயம் இல்லை.

அதனால் காலையில் அந்த அம்மாவிடம், "காயப்போடுங்கம்மா, மூணு மணிக்கு மேற்கே ஒருதரம் பாத்துடுங்க" என்றுதான் சொல்கிறேன். துறைமுகத்தில் 2002-இல் நிறுவிய டாப்ளர் ரேடாரின் படங்களைப் பார்க்கும் பக்கத்தை அவர் போனில் சேமித்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று வரும் எச்சரிக்கையும் இருக்கிறது. பிற்பகலில் இந்த இரண்டையும் பார்ப்பது, காலையில் என்னிடம் கேட்பதைவிட நம்பகமானது.