"இது யார் வீட்டு ஐபி, அம்மா?" ஒரு எம்சிஏ புராஜெக்ட் அனுபவம்

ஏப்ரல் வெயிலில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இறுதிப் பருவ வைவா நடந்தது. திருவல்லிக்கேணியில் பைண்டிங் செய்து எடுத்து வந்த மூன்று பிரதிகளில் பசை வாசனைகூட இன்னும் போகவில்லை. பிராக்ஸி என்பது நம் கோரிக்கையை வாங்கித் தன் ஐபியிலிருந்து (இணைய முகவரி எண்) அனுப்பும் இடைத்தரகர். அதில் டேட்டாசென்டர் வகைக்கும் ரெசிடென்ஷியல் வகைக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிக்கும் அளவுக்குப் படித்து வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் அட்டவணையின் ரெசிடென்ஷியல் வரிசையில் பேனாவை ஊன்றி, "இது யார் வீட்டு ஐபி, அம்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பிராக்ஸி வழியாக இணையதளங்களில் விலை திரட்டும் இதே தலைப்பை எடுக்கப்போகிறவர்கள் அந்த இடத்தில் விழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

துவரம்பருப்பு, பொன்னி அரிசி, நல்லெண்ணெய் உள்ளிட்ட பன்னிரண்டு பொருள்களின் விலையை மூன்று மளிகைத் தளங்களிலிருந்து காலையும் மாலையும் ஒரு நிரல் மூலம் திரட்டி, வேளச்சேரிக்கும் பெரம்பூருக்கும் விலை வேறுபடுகிறதா என்று பார்ப்பது என் புராஜெக்ட். முதல் ஓட்டத்தை விடுதி வைஃபையிலேயே நடத்தினேன். இடைவெளியே விடாமல் பக்கங்களைக் கேட்டதால் சில நிமிடங்களில் 429 வந்தது. 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்று சர்வர் சொல்லும் எண் அது. அதோடு முடியவில்லை. விடுதி முழுவதும் வெளியுலகுக்கு ஒரே ஐபியாகத் தெரிவதால், அன்று மாலை பக்கத்து அறைத் தோழிக்கும் அந்தத் தளம் திறக்கவில்லை. பால் பாக்கெட் வரவில்லை என்று அவள் திட்டியதில்தான், பலரை ஒரே ஐபிக்குப் பின்னால் வைக்கும் முகவரி மாற்றியைப் (நாட்) பற்றி நான் கற்றுக்கொண்டேன். புத்தகம் பிறகுதான் வந்தது.

அதன் பிறகு வேறு ஐபியிலிருந்து கேட்க பிராக்ஸி தேடினேன். டேட்டாசென்டர் பிராக்ஸி என்பது வாடகை சர்வரின் முகவரி. வேகமானது, மலிவானது, பெரும்பாலும் ஐபிக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஆனால் ஒவ்வோர் ஐபியும் எந்த நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்தது என்பது பொதுப் பதிவில் இருக்கிறது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை தங்கள் கிளவுட் ஐபி வரம்புகளைத் தாங்களே வெளியிடுகின்றன. எனவே தடுக்க நினைக்கும் தளத்துக்குத் துப்பறியும் வேலையே இல்லை. சென்னையில் இயங்கும் சர்வரை எடுத்தால் உள்ளூர் ஆள்போலத் தெரிவோம் என்று நினைத்தேன். மைக்ரோசாஃப்டின் 'சவுத் இந்தியா' மையம் சென்னையில்தான் இருக்கிறது, ஆனாலும் அங்கிருந்து போகும் கோரிக்கை கிளவுட் கோரிக்கையாகத்தான் தெரியும். சர்வர் அறையிலிருந்து யார் பருப்பு வாங்குவார்கள்?

ரெசிடென்ஷியல் என்பது இணைய இணைப்பு நிறுவனம் ஒரு வீட்டுக்குக் கொடுத்த முகவரி. தளங்கள் இதைத் தடுக்கத் தயங்கும். ஐபிவி4 என்ற பரவலான வகை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் செல்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அமர்த்துகின்றன. ஒன்றைத் தடுத்தால், எங்கள் விடுதியில் நடந்ததுபோல, உண்மையான வாடிக்கையாளர்களும் வெளியே நிற்பார்கள்.

இதற்குக் கட்டணம் பெரும்பாலும் ஜிபி கணக்கில். நான் ஏமாந்தது இங்கேதான். ஒரு பக்கம் படங்களோடு 2 எம்பி என்றால் ஒரு ஜிபியில் 500 பக்கங்கள். பக்கத்தின் எழுத்து வடிவமான எச்டிஎம்எல் மட்டும் 200 கேபி என்றால் 5,000 பக்கங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் முழு பிரவுசரையும் ஓட்டி, முதல் ஜிபியை விளம்பரப் படங்களுக்கே செலவழித்தேன். கைக்காசு.

இன்னொரு தவறு இதைவிட மோசம். 'சரி' என்று சர்வர் சொல்லும் 200 என்ற விடைக்குறி வந்தாலே வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சேமித்த கோப்புகளைத் திறந்தால் பாதிக்கு மேல் 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்கும் கேப்ட்சா பக்கங்கள். விலை என்ற எண் கிடைத்ததா என்று சோதித்த பிறகுதான் உண்மையான கணக்கு தெரிந்தது. உங்கள் அறிக்கையில் 'ஒரு பயனுள்ள பக்கத்துக்கு எத்தனை ரூபாய்' என்ற நெடுவரிசை கட்டாயம் இருக்கட்டும். ஒரு ஐபியின் விலையை மட்டும் ஒப்பிடும் அட்டவணையை நான் நம்பமாட்டேன்.

வேளச்சேரி விலையைப் பார்க்க வேளச்சேரி ஐபி வேண்டும் என்று நினைத்ததும் வீண். நான் எடுத்த தளங்கள் ஐபியைப் பார்த்து விலை சொல்லவில்லை. நாம் கொடுக்கும் 600042 என்ற பின்கோடைக் குக்கீயில் வைத்துக்கொண்டு சொல்கின்றன. கோரிக்கைக்குக் கோரிக்கை முகவரி மாறும் சுழற்சி பிராக்ஸியில் அந்த அமர்வே அறுந்துபோய், பின்கோடு இல்லாத பொதுவிலை வந்தது. அதே ஐபியைச் சில நிமிடங்கள் பிடித்துவைக்கும் வசதி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இப்போது செய்வதாக இருந்தால், பிராக்ஸி வாங்கும் முன் பிழை எண்களைத்தான் படிப்பேன். நூறு பக்கங்களுக்குப் பிறகு 429 வந்தால் குற்றம் வேகத்தில். பதிலிலேயே 'ரீட்ரை-ஆஃப்டர்' என்று காத்திருக்க வேண்டிய நேரம்கூடச் சில சமயம் இருக்கும். நான் எட்டு வினாடி இடைவெளி விட்டதும் இரண்டு தளங்கள் அடங்கிவிட்டன. அவற்றுக்குச் சாதாரண டேட்டாசென்டர் ஐபியே போதுமானதாக இருந்தது. முதல் கோரிக்கைக்கே 'அனுமதி இல்லை' என்னும் 403 வந்தால் முகவரியையோ நிரலின் சாயலையோ சந்தேகியுங்கள். மூன்றாவது தளம் ரெசிடென்ஷியலுக்கும் 403 தான் கொடுத்தது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் தன் பெயரைத் தானே அறிவித்துக்கொள்கிறது. அதை மாற்றினாலும், மறையாக்க இணைப்பைத் தொடங்கும் விதம் குரோமிலிருந்து வேறுபடுகிறது. அந்தச் சாயலைக் குறித்துவைக்கும் ஜேஏ3 என்ற முறை 2017 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இதற்கு மேல் மல்லுக்கட்டுவது அனுமதி மறுத்த வீட்டின் கொல்லைப்புறம் போவதாகப் பட்டது. அந்தத் தளத்தை விட்டுவிட்டு, விட்டதையும் அறிக்கையில் எழுதினேன்.

சட்டக் கேள்வியும் வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவைப் படித்துக்கொண்டு போங்கள். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதும் தரவை இறக்குவதும் அதில் வருகின்றன. 1994 முதல் வழக்கத்தில் இருந்து, 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக முறைப்படுத்தப்பட்ட ரோபாட்ஸ் கோப்பை (எந்தப் பக்கங்களைத் தானியங்கி நிரல்கள் எடுக்கலாம் என்று தளம் சொல்லும் கோப்பு) பார்த்தீர்களா என்பதும் நிச்சயம் வரும்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். "வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு வீடுகள் எங்கிருந்து கிடைக்கின்றன?" என்று தேர்வாளர் தொடர்ந்தார். இலவச செயலிகளுக்குள் பொதிந்திருக்கும் ஒரு துண்டு நிரல் வழியாகவும் கிடைக்கின்றன என்பதை நான் படித்திருந்தேன். சம்மதம் கேட்டுப் பணம் கொடுப்பவையும் உண்டு. உரிமையாளருக்குத் தெரியாமலே பயன்படுத்துபவையும் உண்டு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கிய '911 எஸ்5' வலையமைப்பு, இலவச விபிஎன் நிரல்கள் மூலம் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளைச் சேர்த்து வாடகைக்கு விட்டது. இதையெல்லாம் சொன்னேன். "சரி, நீங்கள் வாங்கியது எந்த வகை?" என்றார். "தெரியாது, மேடம்" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. அடுத்து, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நாள்தோறும் வெளியிடும் சில்லறை விலைப் பட்டியலில் சென்னையும் இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்டார். நல்லவேளையாக, வழிகாட்டிப் பேராசிரியர் வற்புறுத்தியதால் துவரம்பருப்புக்கு அதைச் செய்து வரைபடமே போட்டிருந்தேன். பத்து நிமிடம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

ஒரு திருத்தத்தோடு தேர்ச்சி கொடுத்தார். ரெசிடென்ஷியல் வரிசைக்குக் கீழே, முகவரிகள் வந்த வழியை எழுத வேண்டும். விற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விளம்பரத்தில் இருந்த அதே இரண்டு வாக்கியங்கள் திரும்பி வந்தன. 'வந்த வழி: உறுதி செய்ய இயலவில்லை' என்று அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடியும் திருவல்லிக்கேணிக்குப் போனேன். ஒரு பக்கம் மாற்ற மூன்று பிரதிகளையும் பிரிக்க வேண்டும் என்று பைண்டிங் கடைக்காரர் முழுக் கூலி கேட்டார்.