ஓய்வூதிய மேசையில் அறிந்த ஒரு குடும்பத் தலைவர்

1930-இல் பிறந்து, 1951-இல் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அன்றைய விதிப்படி 58 வயதில் 1988-இல் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை, வங்கியின் ஓய்வூதியப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் நான் நன்கு அறிந்திருந்தேன். 2023-இல் அவர் காலமானார். 37 ஆண்டுகள் உழைத்தவர், ஏறக்குறைய அதே அளவுக்கு, 35 ஆண்டுகள் ஓய்வூதியமும் பெற்றிருக்கிறார். அவருடைய கோப்பைப் புரட்டும்போதெல்லாம், ஒரு மனிதர் தம் குடும்பத்தின் மீது வைத்த அன்பைக் காகிதங்களில் இவ்வளவு தெளிவாகப் படிக்க முடிகிறதே என்று நான் வியந்திருக்கிறேன்.

அந்த அக்கறை அவரது இளமையிலேயே தொடங்கியது. 1957-இல் ரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, முன்பே பணியில் இருந்தவர்கள் சேமநிதியிலேயே தொடர்வதா, ஓய்வூதியத்துக்கு மாறுவதா என்று தாங்களே முடிவெடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் கையில் மொத்தமாகக் கிடைக்கும் பணத்தைப் பலர் பெரிதாக நினைத்த அந்நாளில், மாதந்தோறும் வருவதுதான் வீட்டைக் காக்கும் என்று அவர் ஓய்வூதியத்தைத் தேர்ந்தார். ஓய்வு பெற்றபோது மட்டும் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கம்முடேஷன் செய்து, அதாவது மாதந்தோறும் வாங்காமல் முன்கூட்டியே மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டு, வந்த தொகையை மகள்களின் திருமணத்துக்குச் செலவிட்டார். அவ்வாறு விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓய்வூதியத்தில் சேர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். அவரோ 2003-இல், அந்தத் தவணை முடிந்த மாதமே, ஓய்வூதிய ஆணையின் நகலுடன் வங்கிக்கு வந்துவிட்டார்.

உயிர்வாழ் சான்று அளிக்கும் நவம்பர் மாதத்தில் அவர் தவறாமல் வருவார். 2014-இல் மின்னணு முறை அறிமுகமான பிறகு, கைரேகைக் கருவி அவருடைய விரல்களை ஏற்கவில்லை. இரும்போடும் அரத்தோடும் பழகிய அவ்விரல்களில் கோடுகள் பெரும்பாலும் தேய்ந்து போயிருந்தன. எத்தனை முறை அழுத்தினாலும் கருவி அவரை அடையாளம் காணாதபோது, எனக்குத்தான் மனம் கனத்தது. அவர் பொறுமையாக நாற்காலியில் அமர்ந்து பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, நடுங்காத எழுத்தில் கையொப்பமிட்டார். ஒரு குடும்பத்தைத் தாங்கிய கை அது என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடும், 85-இல் 30 விழுக்காடும், 90-இல் 40 விழுக்காடும் கூடுதலாகக் கிடைக்கும். அவர் இம்மூன்றையும் கண்டார். ஒவ்வொரு முறையும் கூடுதல் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, அது யாருக்குப் பயன்படப்போகிறது என்று சொல்லிவிடுவார்: ஒரு முறை பேத்தியின் கல்லூரிக் கட்டணம், மற்றொரு முறை மனைவியின் மருத்துவம். தமக்கென்று அவர் எதையும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அவர் மனம் முழுவதும் கடைசி மகனிடம்தான் இருந்தது. அறிவுசார் குறைபாட்டுடன் பிறந்த அந்த மகன், ஐம்பதைத் தாண்டிய பின்னும் தந்தையின் சட்டை நுனியைப் பிடித்தபடியே வங்கிக்குள் நுழைவார். தாமாகச் சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவர் பெயரை ஓய்வூதியர் உயிரோடிருக்கும்போதே ஆணையில் பதிந்துவைக்கவும் விதி இடம் தருகிறது. மனைவி மறைந்த சில வாரங்களிலேயே பெரியவர் இதைப் பற்றி விசாரிக்க வந்தார். “நான் இருக்கும்போதே இவன் பேரு இதுல ஏறிடணும், தம்பி” என்று அவர் சொன்னபோது குரலில் கெஞ்சல் எதுவும் இல்லை. பணிமனையில் ஒரு வேலையை முடித்தே தீர வேண்டும் என்று சொல்லும் மூத்த தொழிலாளியின் உறுதிதான் இருந்தது. மருத்துவச் சான்று பெறுவதற்கும், ரயில்வே அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பதற்கும், மூத்த மகளைக் காப்பாளராக நியமிப்பதற்கும் அந்த வயதில் அவரே நேரில் அலைந்தார். பிள்ளைகள் உதவ முன்வந்தும், இது தம் கடமை என்று சொல்லிவிட்டாராம்.

இந்த ஏற்பாட்டின் அருமை, அதைச் செய்யாமல் விட்ட குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கே முழுமையாகப் புரியும். தந்தை இறந்த துக்கத்துக்கு நடுவே, பேசத் தெரியாத ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு மருத்துவக் குழுவின் முன் காத்துக்கிடந்து, சான்றுகளுக்காக மாதக்கணக்கில் அலைந்த சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தந்தையர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். இப்படியொரு வழி இருப்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால்தான், வயதான பெற்றோர் இத்தகைய பிள்ளையுடன் வரும்போது, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே இந்த விதியைச் சொல்ல வேண்டும் என்று பிரிவுக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் வலியுறுத்தி வந்தேன்.

ஓய்வூதியர் இறந்த நாளுக்கும் அவருக்கு ஓய்வூதியம் உண்டு என்பது விதி. பெரியவர் இறந்த நாள்வரைக்குமான கணக்கை முடித்துக் கோப்பின் அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது, மகனின் பெயர், மருத்துவச் சான்றின் நகல், காப்பாளரின் மாதிரிக் கையொப்பம் ஆகிய அனைத்தும் அங்கே வரிசையாக இருந்தன. மூத்த மகள் இறப்புச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் மட்டும் கொண்டுவந்தார். அடுத்த மாதமே மகனின் கணக்கில் குடும்ப ஓய்வூதியம் வரவாயிற்று.